ஆயிரம் ரூபாய் டிவி கேம் பெட்டி, இசைக்கருவியாக: மலைக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

பழைய கேம் எந்திரங்களின் ஒலிச் சிப்பைக் கொண்டு அமைக்கும் இசைதான் சிப்டியூன். அதைச் செய்ய, கேசட் சொருகும் வாய் இல்லாத டிவி கேம் பெட்டியை வாங்காதீர்கள். இப்போது பொம்மைக் கடைகளில் தொங்குகிற பெட்டிகளில் பல அந்த வகைதான். அட்டையில் ‘620 கேம்’ என்று போட்டிருக்கும். மேலே அழகாக ஒரு மூடி இருக்கும், அதைத் தூக்கினால் கீழே வெறும் பிளாஸ்டிக். விளையாட அது போதும், ஆனால் நாம் எழுதிய பாட்டை அதற்குள் ஏற்ற வழியே இல்லை. எச்டிஎம்ஐ துளையோடு வருவது இன்னும் மோசம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பழைய சிப்பைப் போலப் பாவனை செய்யும் மென்பொருள். அதைவிட உங்கள் கைப்பேசியில் ஓடும் எமுலேட்டரே நன்றாக ஒலிக்கும்.

இங்கே பார்க்கப்போவது வேறு பெட்டி. 60 பின் கேசட் வாய், 9 வோல்ட் அடாப்டர், பின்பக்கம் மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள் அல்லது டிவியின் ஆண்டெனா துளைக்குப் போகும் ஒயர். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் கோடை விடுமுறையைத் தின்று தீர்த்த அதே பெட்டி. புதிதாக வாங்கினாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் இசைக்கு ஏற்றது கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் காயலான் கடை. ஏன் என்பது பெட்டியைத் திறந்தால் தெரியும்.

மேலே என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல். அசல் பெட்டியின் மூளை ரிகோ நிறுவனத்தின் 2ஏ03. கணக்குப் போடும் பகுதியும் ஒலி எழுப்பும் பகுதியும் ஒரே சில்லுக்குள் அடக்கம். ஒலிக்கு ஐந்து சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவுசெய்த ஒலித் துணுக்குகளை ஒலிக்கும் ஒரு டிபிசிஎம். தைவானின் யூஎம்சி நிறுவனம் இதைப் படியெடுத்து யூஏ6527 என்று வெளியிட்டது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் ‘பால்’ (PAL) முறை டிவிக்கான வகை யூஏ6527பி, படம் காட்டும் ஜோடி சிப் யூஏ6538. ரஷ்யாவில் டெண்டி என்றும் போலந்தில் பெகாசஸ் என்றும் ஓடியது இந்தக் குடும்பத்துப் பெட்டிகள்தான். நம் ஊர் டிவியும் பால் என்பதால் நமக்கும் அதே உறவு.

சிப்டியூன் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக 1982இல் வந்த கொமடோர் 64 கணினியிலும், பாப் யானஸ் அதற்காக வடிவமைத்த சிட் ஒலிச் சிப்பிலும் தொடங்குவார்கள். அடுத்து 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர். மேலிருந்து கீழே ஓடும் வரிசைகளில் சுரங்களைப் பதியும் இசை மென்பொருள்களான இன்றைய டிராக்கர்களுக்கெல்லாம் அதுதான் மூலம். பூட்டுடைத்த கேம்களின் முகப்பில் சில கிலோபைட்டுக்குள் பாட்டை அடக்கிக்காட்டிய ஐரோப்பிய இளைஞர்கள், 2000இல் யோஹான் கோட்லின்ஸ்கி கேம்பாய் என்ற கையடக்கக் கேம் பெட்டிக்கு எழுதிய எல்எஸ்டிஜே டிராக்கர், 2006இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளிப் சிப்டியூன் விழா என்று கதை நகரும். நகல் பெட்டிக்கு அதில் இடமே இருக்காது. ஆனால் தமிழ்க் காதுகளில் இந்த ஒலி முதலில் விழுந்தது சிட்டிலிருந்தும் அல்ல, கேம்பாயிலிருந்தும் அல்ல, இந்தப் பெட்டியிலிருந்துதான். அதுவும் அசலைவிட மெதுவாக, சற்றே சுருதி இறங்கி, குரல் மாறி. இணையத்தில் ஜப்பானியப் பதிவைக் கேட்கும்போது ‘இது இவ்வளவு வேகமா?’ என்று தோன்றுவதற்குக் காரணம் உங்கள் ஞாபகப் பிசகு அல்ல.

இந்தப் பெட்டிக்கென்று எழுதாமல் ஃபேமிகாமுக்கு எழுதியதை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். வாங்கிய பலர் ‘தரமில்லை’ என்று தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான்.

அசல் ஜப்பானியப் பெட்டியில் சிப்பின் கடிகாரம் 17,89,773 ஹெர்ட்ஸ், படம் விநாடிக்கு 60 முறை. ஐரோப்பாவுக்கு நின்டெண்டோவே செய்த பால் பெட்டியில் 16,62,607 ஹெர்ட்ஸ், 50 முறை. நம் நகல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கடிகாரம் 17,73,448 ஹெர்ட்ஸ், படம் 50 முறை. அதாவது சுருதி கிட்டத்தட்ட ஜப்பான், காலப்பிரமாணம் ஐரோப்பா. டிராக்கரில் ஜப்பானிய முறையான என்டிஎஸ்சியைத் தேர்ந்தால் பாட்டு முழுக்க ஒரே சீராக 16 சென்ட், அதாவது அரைக் கட்டையின் நூறில் 16 பங்கு, இறங்கி ஒலிக்கும். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கீபோர்டோ வயலினோ கூட வாசித்தால் அவர்கள்தான் இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘நம் டிவி பால் ஆயிற்றே’ என்று டிராக்கரில் பாலைத் தேர்ந்தால்தான் வம்பு. இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள விகிதம் துல்லியமாக 16/15. ஒரே படிகத்தின் அலையை ஒன்று 16ஆல் வகுக்கிறது, மற்றது 15ஆல் வகுக்கிறது, அதனால் வந்த விகிதம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானது: ச வைத்த இடத்தில் சுத்த ரிஷபம் ஒலிக்கும். பாட்டு முழுவதும் அரைக் கட்டை ஏறிப்போய் நிற்கும்.

எனவே ஃபேமிட்ராக்கரில் எந்திரத்தை என்டிஎஸ்சி என்றே விட்டுவிட்டு, எஞ்சின் வேகத்தை மட்டும் 50 என்று கையால் போடுங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஜேஎஸ்ஆர் எழுதிய இலவச மென்பொருள் இது, விண்டோஸில் ஓடும். கணினியில் கேட்பதும் பெட்டியில் கேட்பதும் அப்போதுதான் ஏறக்குறைய ஒன்றாகும். வேகத்துக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஸ்பீடு என்பது ஒரு வரிசை எத்தனை படத்துக்கு நிற்கும் என்ற எண். 60 ஹெர்ட்ஸில் ஸ்பீடு 6 என்பதும் 50 ஹெர்ட்ஸில் ஸ்பீடு 5 என்பதும் ஒன்றே; இரண்டிலும் ஒரு வரிசைக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. நான்கு வரிசைக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 150 தட்டு. டெம்போவை 125 ஆக்கி, ஸ்பீடை 5 ஆக்குங்கள். ஸ்பீடு 6ஐத் தொடாமல் விட்டால் பெட்டியில் 125 தட்டுதான் வரும்.

இதோடு முடியவில்லை. வாத்தியங்களின் ஒலி ஏற்ற இறக்கங்கள் படத்துக்கு ஒரு படியாக ஓடுபவை. 12 படியில் அடங்கும் ஒரு தட்டு 60 ஹெர்ட்ஸில் 200 மில்லிவிநாடி, 50 ஹெர்ட்ஸில் 240. இரைச்சல் சேனலில் அடிக்கும் பறைத் தட்டெல்லாம் இழுத்துக்கொண்டு சொதசொதவென்று கேட்கும். 12ஐ 10 ஆக்கினால் சரி. மூன்று சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக ஒலித்து ஒரே சேனலில் கூட்டுச்சுரம் இருப்பதாகக் காதை ஏமாற்றும் ஆர்பெஜியோ, விநாடிக்கு 20 சுற்றிலிருந்து 17க்கும் கீழே வந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. இரண்டு சுர ஆர்பெஜியோவுக்கு மாறினால் 25 சுற்று கிடைக்கும், கரகரப்பு குறையும்.

அடுத்தது குரல் மாற்றம். பல்ஸ் சேனலின் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நான்கு வகையாக வைக்கலாம். டிராக்கரில் அவை வி00 முதல் வி03 வரை. நகல் சிப்கள் பலவற்றில் 25உம் 50உம் இடம் மாறியிருக்கின்றன. உருண்டையாக ஒலிக்க வேண்டிய மெட்டு மெலிந்தும், மெலிந்து ஒலிக்க வேண்டியது உருண்டும் வரும். இதற்காகக் கோப்பை இரண்டாகப் பிரித்துத் திருத்துகிறவர்கள் உண்டு. பாதி வேலையை மிச்சப்படுத்த வழி இருக்கிறது: 75 சதவீத அலை என்பது 25ஐத் தலைகீழாகக் கவிழ்த்தது, காதுக்கு இரண்டும் ஒன்றே. மெலிந்த குரல் வேண்டிய இடத்திலெல்லாம் வி01க்குப் பதில் வி03 போட்டுவிடுங்கள், எந்தப் பெட்டியிலும் மாறாது. வி00 எங்கும் பத்திரம். 50 சதவீதம் வேண்டிய இடத்தை மட்டும் பெட்டிக்கு ஏற்ப மாற்றினால் போதும். அந்த 12.5 சதவீதக் குரலை வீணாக்காதீர்கள். நாகஸ்வரத்தின், நீலகிரிக் கோத்தர்கள் ஊதும் ‘கொள்’ குழலின் மூக்கொலிப்புக்கு இந்தச் சிப்பில் நெருங்கி வருவது அது ஒன்றுதான்.

கமகம் எடுக்குமா என்பது தமிழ்நாட்டில் இந்தப் பெட்டியைக் கையிலெடுக்கும் எவருக்கும் வரும் கேள்வி. எடுக்கும், ஆனால் இடம் பார்த்து. சுருதியை இந்தச் சிப் ஒரு முழு எண்ணால் கடிகாரத்தை வகுத்துப் பெறுகிறது. 440 ஹெர்ட்ஸ் அருகே அந்த எண் 252. ஒன்று கூட்டினாலோ குறைத்தாலோ 7 சென்ட் நகரும். அது வழுக்கலாகவே கேட்கும். ஒரு ஸ்தாயி மேலே போனால் படி 14 சென்ட், இன்னொன்று மேலே போனால் 27. நம் சங்கீதத்தின் மிகச் சிறிய சுருதி இடைவெளியான பிரமாண சுருதியே 21.5 சென்ட்தான். எனவே 1760 ஹெர்ட்ஸ் பக்கம் கமகம் என்பது மாடிப்படி ஏறி இறங்குவதுதான்.

இன்னொரு கண்ணி இதைவிட முக்கியம். அந்த வகுக்கும் எண் 256இன் மடங்கைத் தாண்டும்போதெல்லாம் பல்ஸ் சேனலின் அலை முதலிலிருந்து தொடங்கும். ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. அந்த எல்லையின் மேலேயே சுரத்தை அசைத்தால் ஸ்பீக்கரில் பொரி பொரியும். நம் பெட்டியில் அந்த எல்லைகள் ஏறக்குறைய 433, 216.5, 144, 108 ஹெர்ட்ஸில் விழுகின்றன. கட்டைக் கணக்கில் பார்த்தால் ஆறு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் சற்றுக் கீழே. ஆகவே 2 கட்டையில் ச வையுங்கள். எல்லைகள் சவுக்கும் பவுக்கும் ஒட்டி விழும். அவை இரண்டும் அசையாச் சுரங்கள், சொடுக்கு வர இடமில்லை. மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாக வழுக்கி ஏறும்போது மட்டும் ஒரு சொடுக்கு விழும், அதை மிருதங்க அடியின் கீழே மறைத்துவிடலாம். 1 கட்டையில் ச வைத்தால் எல்லை சதுஸ்ருதி தைவதத்தில் வந்து உட்காரும். பிறகு மோகனம் பாடிக் கிழித்த மாதிரிதான். ஃபேமிஸ்டூடியோ என்ற மற்றொரு இலவச மென்பொருளில் இந்தச் சொடுக்கைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. அது சிப்பின் ஒரு தந்திரத்தை நம்பியது, நகலில் அது நடக்கிறதா என்பதை உங்கள் பெட்டியில் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முக்கோண அலை சேனலில் இந்தச் சொடுக்கே கிடையாது. ஆனால் அதற்கு ஒலியளவும் கிடையாது, ஒன்று ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. ஆலாபனை மாதிரி நீட்டி இழுக்க வேண்டுமானால் மெட்டை முக்கோணத்துக்குக் கொடுத்து, கீழ்ச்சுரத்தைப் பல்ஸில் பிடிக்கலாம். அடிநாதம் மெலியும், ஆனாலும் தமிழ் மெட்டுக்கு இது நல்ல பேரம். முக்கோணத்தைக் கொஞ்சம் தணிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: டிபிசிஎம் சேனலில் இசட் கட்டளையால் மதிப்பை 00இலிருந்து 7எஃப் பக்கம் ஏற்றினால் முக்கோணமும் இரைச்சலும் அடங்கும், சிப்புக்குள் மூன்றும் ஒரே வழியாக வெளியே வருவதால். மிருதங்கத்தின் ‘தோம்’ வேண்டுமானால் டிபிசிஎம்தான். ஒரு மாதிரிக்கு 4081 பைட் வரை. உச்ச வேகமான 33 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. ‘தோம்’ நன்றாக வரும். ‘சாப்பு’ வராது, அவ்வளவு வேகமாக ஏறி இறங்க அந்தச் சேனலால் முடியாது. தாளத்தில் தொல்லை ஒன்றுமில்லை. ஆதிக்கு 32 வரிசை, மிஸ்ர சாபுக்கு 28 என்று பேட்டர்ன் நீளத்தை வைத்துக்கொள்ளலாம்.

பாட்டை எப்படிப் பெட்டிக்குள் ஏற்றுவது? பணம் இருந்தால் எவர்டிரைவ் என்8, 60 பின் வகை. மெமரி கார்டில் கோப்பைப் போட்டுச் சொருக வேண்டியதுதான். பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும், சுங்கமும் சேரும். நீல் பால்ட்வின் எழுதிய என்டிஆர்க்யூ, பல்சார் போன்ற டிராக்கர்களை ஏற்றி, கேம் கன்ட்ரோலராலேயே மேடையில் மாற்றி மாற்றி வாசிக்க எண்ணுகிறவர்களுக்கு இதுதான் வழி.

பணம் இல்லையென்றால் சாலிடரிங். ஃபேமிட்ராக்கரில் 32 கிலோபைட் பிஆர்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்து, ஈபிராம் என்ற நினைவகச் சிப்பில் எழுதி, வெற்று போர்டில் பற்ற வைப்பது. கூடுதல் ஒலிச் சிப் எதையும் பாட்டில் சேர்த்திருக்கக் கூடாது, டிபிசிஎம் மாதிரிகளை அள்ளிப் போட்டு 32 கிலோபைட்டைத் தாண்டவும் கூடாது. இங்கே இடறுவது சிப் தேர்வில். 27சி256 சிப்பை அழிக்கப் புற ஊதா விளக்கு வேண்டும். அதைத் தவிர்க்க 28சி256 வாங்குவார்கள், அதுவும் 28 கால்தானே என்று. கால் எண்ணிக்கை ஒன்று, இணைப்பு வேறு: 27சி256இல் 14ஆம் முகவரிக் கோடு 27ஆவது காலில் வரும், 28சி256இல் அது 1ஆவது காலுக்குப் போய்விடும், 27ஆவது எழுதும் கட்டளைக் கால். அப்படியே பற்ற வைத்தால் கறுப்புத் திரையும் அமைதியும். டபிள்யூ27சி512 வாங்குங்கள். மின்சாரத்தாலேயே அழியும், காலும் பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம், அது 64 கிலோபைட் சிப். 1ஆவது கால் 5 வோல்ட்டில் கட்டியிருந்தால் மேல்பாதிதான் படிக்கப்படும். கோப்பை இரண்டு பாதியிலும் இரண்டு தடவை எழுதிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. திரையில் குப்பையாகப் படம் வந்தால் அலட்டிக்கொள்ள வேண்டாம், பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடு போடாத போர்டைத் திருப்பிச் சொருகினால் மட்டும் போச்சு. முன்பக்கத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இந்தச் சாமான்களுக்கு நீலகிரியிலிருந்து கோவைக்கும், கொடைக்கானலிலிருந்து மதுரைக்கும் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே சிப்பை ஒன்றுக்கு மூன்றாக வாங்குவது நல்லது.

இனி பெட்டியின் உட்புறம். நான்கைந்து ஸ்குரூவைக் கழற்றினால் போதும். 40 கால் உள்ள இரண்டு நீளச் சிப்கள் தெரிந்தால் அதிர்ஷ்டம். போர்டின் நடுவே கறுப்புப் பசை உருண்டை ஒன்று இருந்தால், மொத்த எந்திரமும் அதற்குள்தான். பழைய கனமான பெட்டிகளில் இரட்டைச் சிப் இருக்க வாய்ப்பு அதிகம், காயலான் கடையைச் சொன்னது அதனால்தான். உருண்டைப் பெட்டியும் பாடும். ஆனால் அதன் சேனல்களின் கலவை விகிதம் பெட்டிக்குப் பெட்டி தாறுமாறாக இருக்கும், முக்கோணம் மட்டும் தூக்கலாகவோ அடியோடு அமுங்கியோ வரும். திருத்தவும் வழியில்லை.

இரட்டைச் சிப்பில் திருத்தலாம். யூஏ6527பியின் 1ஆவது காலில் இரண்டு பல்ஸும், 2ஆவது காலில் மற்ற மூன்றும் வெளியே வருகின்றன. அசல் வடிவமைப்பில் இரண்டு கால்களிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் தரைக்கு, பிறகு முதலாவது 20 கிலோ ஓம் வழியாகவும் இரண்டாவது 12 கிலோ ஓம் வழியாகவும் சேரும். உங்கள் போர்டில் இந்த மதிப்புகள் மாறியிருந்தால் இவற்றைப் போட்டாலே பாதிக் குறை தீரும். அதற்கும் மேலே போக விரும்பினால் இரண்டு கால்களிலிருந்தும் தனித்தனியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக இரண்டு ஜாக்குகளுக்குக் கொண்டுவாருங்கள், கப்பாசிட்டரின் பிளஸ் முனை சிப் பக்கம். ஒலி மெலிதாக வரும், மிக்ஸரில் கெயின் ஏற்ற வேண்டும். இடது வலது என்று முழுக்கப் பிரித்துவிடாதீர்கள், ஹெட்போனில் தலைவலிதான். இரண்டையும் நடுவுக்கு அருகே வைத்து, இரைச்சல் இருக்கும் பக்கத்தில் மட்டும் மேல் அலைகளைக் கொஞ்சம் வெட்டினால் போதும்.

மலையில் இந்தப் பெட்டியின் முதல் எதிரி மின்சாரம். கூட வரும் 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் வகை. வீட்டில் 230 வோல்ட் இருக்கும்வரை 9 கிடைக்கும். ஹீட்டரும் கீசரும் ஓடும் மாலை நேரத்தில் லைன் 180க்கு இறங்கினால் அதே அடாப்டர் 7தான் தரும். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டருக்கு 5 வோல்ட் கொடுக்க, உள்ளே வருவது குறைந்தது 7 வேண்டும். அந்த விளிம்பில்தான் உறுமல் தொடங்கும், கொஞ்சம் தாண்டினால் பாட்டு நடுவிலேயே ரீசெட். பெட்டி பழுது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு முன் மாலை 7 மணிக்கு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சுவிட்ச் வகை 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் லைன் இறக்கம் பாதிக்காது. முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பதைப் பெட்டியின் அடிப்பக்கப் படத்தில் பார்த்தே வாங்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் நடுவில் மைனஸ் வரும் பெட்டிகள் ஏராளம். வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் சொருகி ரெகுலேட்டரை எரிப்பதுதான் இந்தப் பெட்டிகள் சாகும் வழக்கமான வழி.

மின்தடைக்கு பவர் பேங்க் நல்ல துணை. 7805ஐக் கழற்றிவிட்டு அதன் வெளியீட்டுக் காலிடத்தில் நேராக 5 வோல்ட் கொடுங்கள், பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. 7805ஐ வைத்துக்கொண்டே 12 வோல்ட் பேட்டரி கொடுத்தால், 0.3 ஆம்பியருக்கு 2 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகவே போகும். ஊட்டிக் குளிருக்குக் கை காயலாம் என்பதைத் தவிர அதில் லாபமில்லை.

உறுமலின் காரணத்தைக் காதாலேயே பிரித்துவிடலாம். 100 ஹெர்ட்ஸ் என்றால் அடாப்டர் அல்லது வடிகட்டும் கப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸ், அதுவும் ஆம்ப்ளிஃபையர் இணைத்ததும் வருகிறது என்றால் எர்த். பழைய பங்களா ஒயரிங்கில் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் ஒரே பிளக் பலகையில் போட்டுப் பாருங்கள். திரையில் படம் மாறும்போது சத்தமும் மாறினால், படத்தின் சிக்னல் ஒலிக்குள் கசிகிறது. ஏவி ஒயரின் மஞ்சளைப் பிடுங்கிவிட்டே வாசிக்கலாம், பாட்டுக்கு டிவி தேவையில்லை.

இரண்டாவது எதிரி ஈரம். நீலகிரியில் தென்மேற்குப் பருவமும், பழனி மலையில் ஐப்பசி கார்த்திகை மழையும் கேசட் முனைகளைக் கறுக்கவைத்துவிடும். கேசட்டை வாயால் ஊதிச் சொருகும் பழக்கம் சமவெளியிலேயே தப்பு. மூடுபனியில் அது ஈரத்தின் மேல் ஈரம். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் சொருகுங்கள். உறைபனிக் காலத்து இரவில் வண்டியிலிருந்து இறக்கிய பெட்டியை ஆள் நிறைந்த சூடான அறைக்குள் கொண்டுபோனதும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த போர்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஜிப் பையிலேயே வைத்து அரைமணி நேரம் விட்டு, பிறகு திறங்கள்.

கேம்பாயோடு ஒப்பிட்டால்? நான்கு பென்சில் செல், ஸ்டீரியோ ஹெட்போன் துளை, ஊருக்கு ஊர் வேகம் மாறாத கடிகாரம், எல்எஸ்டிஜே. மேடையில் கையில் பிடித்து வாசிக்க அதுவே சிறந்தது. ஆனால் 1989ஆம் ஆண்டின் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இங்கே சேகரிப்பாளர் விலைக்குத்தான் கிடைக்கும், திரைக்குள் ஈரம் ஏறிக் கறை படிந்தவை வேறு. உட்கார்ந்து எழுதிப் பதிவுசெய்ய நகல் பெட்டியே போதும். இரட்டைச் சிப் கிடைத்தால் பத்துக்கு எட்டு, பசை உருண்டைக்கு ஐந்து, கேசட் வாய் இல்லாததற்கு பூஜ்யம்.

வாங்கும்போது கடையிலேயே டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கேமையாவது ஓடவிட்டு, பாட்டில் அடிநாதமும் தாளமும் இரண்டும் கேட்கின்றனவா என்று பாருங்கள்; அடிநாதமே இல்லையென்றால் 2ஆவது கால் வழி செத்திருக்கிறது. கூட ஒரு ‘9999 இன் 1’ கேசட் கொடுப்பார்கள். உள்ளே சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும், அதில் எழுதவும் முடியாது. இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் பற்ற வைத்த போர்டுக்கு அதன் கூடு தேவைப்படும். உள்ளே நிற்கும் பிளாஸ்டிக் தூண்களை மட்டும் கட்டரால் வெட்டிவிட்டால் 28 கால் சிப் உள்ளே உட்கார்ந்துவிடும்.